தலைக்கனம் பிடித்த ஆயுதம்: கதாயுதம் முதல் கர்லாக்கட்டை வரை

கதாயுதம் என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது அனுமார், அடுத்து பீமன். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்றும் வரும், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஜெயிக்கிற அணிக்குக் கொடுக்கிற அந்தப் பளபளக்கிற கதை, அதாவது கதாயுதம். 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் தென்னாப்பிரிக்க கேப்டன் தெம்பா பவுமா அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். மட்டையும் பந்தும் வைத்து ஆடுகிற ஆட்டத்துக்கு எதற்குக் கதாயுதம் என்று யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். கோவில் வாசலில் நிற்கிற துவாரபாலகர் கையில், லண்டன் பாராளுமன்றத்து மேஜை மேல், வடநாட்டு மல்லர்கள் தோளில், நம் ஊரில் விடியற்காலை மொட்டை மாடியில் கர்லாக்கட்டை சுற்றுகிறவர் கையில் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இடங்களில் ஏறக்குறைய ஒரே சாமான் இருக்கிறது.

சாமான் ரொம்ப எளியது. ஒரு கம்பு, அதன் ஒரு முனையில் கனம், அவ்வளவுதான். கனம் கைக்குப் பக்கத்தில் இல்லாமல் தூரத்தில் இருக்கிறது என்பது ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அது ஆயுதமானது ஏன், அதிகாரச் சின்னமானது ஏன், உடற்பயிற்சிக் கருவியானது ஏன் என்று மூன்றுக்கும் வழி தெரிந்துவிடும்.

வீட்டில் சுத்தியல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இரும்புத் தலையைப் பிடித்து, பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வைத்து மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். ஒன்றும் தெரியாது. இப்போது மாற்றி, பிடியின் கடைசி நுனியைப் பிடித்து அதே மாதிரி திருப்புங்கள். மணிக்கட்டு முனகும். சுத்தியலின் எடை மாறவில்லை, எடை இருக்கிற இடம்தான் மாறியது. கையிலிருந்து கனம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அதைத் தாங்கிப் பிடிப்பது கஷ்டம். அரை மீட்டரில் இருக்கிற 4 கிலோவை ஒரு மீட்டருக்குத் தள்ளினால் தாங்கும் சிரமம் இரண்டு மடங்கு. ஆனால் அதைச் சுழற்றத் தொடங்குவதற்கும், சுழல்வதை நிறுத்துவதற்கும் படுகிற பாடு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. தூரத்தின் இருமடிக்கு ஏற்றபடி அது ஏறும். பள்ளிக்கூடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று மனப்பாடம் பண்ணினோமே, அது இதுதான்.

இதை வைத்துக்கொண்டு முதலில் சண்டைக்குப் போவோம்.

சினிமாவும் நாடகமும் நமக்கு ஒரு தப்பான படத்தை மனதில் பதித்துவிட்டன. மேடைப் பீமன் தோளில் இருப்பது பானை அளவு கதை. அவர் அதை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே வசனமும் பேசுவார். மதுரை நாடகக் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்த ஊர், இன்றைக்கும் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம் நடக்கும். அந்தக் கதையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும், உள்ளே காலி. அட்டையோ காகிதக் கூழோ தகரமோ, மேலே தங்கக் கலர் பெயிண்ட். அதில் தப்பு ஒன்றும் இல்லை, கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறவருக்கும் தெரிய வேண்டும் அல்லவா. ஆனால் நிஜப் போரில் பயன்பட்ட இரும்புக் கதைகள், அருங்காட்சியகங்களில் இன்று இருப்பவை, பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கிலோதான் இருக்கும். தலை ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அளவு. ஏமாற்றமாக இருக்கிறதா? யோசித்தால் அதுதான் நியாயம். அடியின் ஆற்றல் எடையை இரட்டித்தால் இரண்டு மடங்காகும், வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்காகும். லேசான தலையை வேகமாக வீசுவதுதான் லாபம். அதைவிட முக்கியமான இன்னொரு காரணம், அடி தவறினால் என்ன ஆகும் என்பது. பத்துக் கிலோ கதையை முழு வேகத்தில் வீசி, எதிராளி ஒதுங்கிவிட்டான் என்றால், அந்தக் கதை உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் நிமிர்வதற்குள் அவன் கத்தி விலாவில் இருக்கும்.

சரி, கத்தியும் வாளும் இருக்கும்போது இது எதற்கு? கவசத்துக்காக. வாள் வெட்டும், ஆனால் இரும்பு வளையம் கோத்த சட்டையிலும் தகடு வைத்த தலைக்கவசத்திலும் வெட்டு வழுக்கிப் போய்விடும். கதை வெட்டவே முயல்வதில்லை. கவசம் கிழியாவிட்டாலும் அடியின் அதிர்ச்சி உள்ளே போகிறது, எலும்பு முறிகிறது, மூளை குலுங்குகிறது. பின்னாளில் இரும்புக் கவசம் தடிக்கத் தடிக்க, கதையின் உருண்டைத் தலையும் மாறியது. உருண்டைக்குப் பதிலாகச் சுற்றிலும் இதழ் இதழாகத் தகடுகள் வைத்தார்கள். அடியின் மொத்த விசையும் ஒரு சின்ன விளிம்பில் வந்து குவிந்தால் தகடு நெளியும் அல்லவா. முகலாயர் காலத்தில் ஆறு இதழ் வைத்த கதைக்கு ஷஷ்பர் என்று பெயர். ஐரோப்பாவிலும் இதே மாதிரி இதழ்க் கதைகள் வந்தன. கவசத்தை மோதி உடைக்க வேண்டும் என்று யோசிக்கிற யாரும் கடைசியில் இந்த வடிவத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

ஆனால் கதை கவசத்தைவிடப் பழையது. எகிப்தில், கி.மு. 3100 வாக்கில் செதுக்கப்பட்ட நார்மர் பலகை என்று ஒரு கல் இருக்கிறது. அதில் அரசன் ஒருவன் எதிரியின் முடியைப் பிடித்து, மறு கையில் கதையை ஓங்கியபடி நிற்கிறான். கல்லைக் குடைந்து ஓட்டை போட்டு, கம்பைச் சொருகிய கதைத் தலைகள் அந்தக் காலத்துப் புதைகுழிகளில் நிறையக் கிடைத்திருக்கின்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோடரி மரம் வெட்டும், வில்லும் ஈட்டியும் வேட்டைக்கு ஆகும், கத்தி அடுப்படிக்கே வரும், அரிவாள் இல்லாமல் வயல் வேலை இல்லை. கதைக்கு இந்த மாதிரி இன்னொரு பிழைப்பு கிடையாது. மனிதன் மனிதனை அடிப்பதற்கென்றே உருவாக்கிய முதல் ஆயுதங்களில் இது ஒன்று. அதனால்தான் என்று நினைக்கிறேன், அதைக் கையில் வைத்திருப்பதே 'அடிக்கிற உரிமை எனக்கு இருக்கிறது' என்று சொல்வதாக ஆகிவிட்டது. அதிகாரச் சின்னத்தின் வேர் அங்கே இருக்கிறது.

நம் பக்கம் வந்தால், சங்கப் பாடல்களில் வீரன் கையில் அடிக்கடி பார்ப்பது வேலும் வாளும் வில்லும்தான். கதை இங்கே அதிகம் தெய்வங்களின் கையில் இருக்கிறது, அப்புறம் பாரதத்தில். பாரதத்தில் கதைச் சண்டைக்கு என்று ஒழுங்கே இருக்கிறது, இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது. கடைசி நாள் சண்டையில் பீமன் துரியோதனன் தொடையில் அடித்தது அதனால்தான் அவ்வளவு பெரிய விவகாரம். இரண்டு பேருக்கும் கதை சொல்லிக்கொடுத்த பலராமர் கோபத்தில் பீமன் மேலேயே பாயப் போனார், கண்ணன்தான் தடுத்தார். பாரதத்தில் யார் செய்தது சரி என்று விடிய விடியப் பட்டிமன்றம் நடத்தலாம், அதை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, கனமான தலையை முழங்கால், தொடைப் பக்கம் வீசினால் தடுப்பது மகா கஷ்டம். வீச்சு கீழே இறங்கும்போது இன்னும் வேகம் பிடிக்கும், கேடயம் அங்கே எட்டாது. விதி எதற்கு வந்தது என்பது ஆயுதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்.

மதுரையில் இருப்பவர்கள் கதையைப் பார்க்க அருங்காட்சியகம் போக வேண்டியதில்லை. மீனாட்சி அம்மன் கோவிலில் கிளிக்கூண்டு மண்டபம் வழியாகத்தான் எல்லாரும் போகிறோம், பஞ்ச பாண்டவர் சிலைகள் அங்கே தூண்களில் நிற்கின்றன. அவசரமாக அம்மனைப் பார்க்க ஓடுகிற கூட்டத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை, அடுத்த தடவை போகும்போது பீமன் எது என்று கண்டுபிடியுங்கள். அழகர்கோவிலில் மூலவர் பரமசுவாமி சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்று ஐந்து ஆயுதங்களோடு நிற்கிறார். துவாரபாலகர்களை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும், அதிலும் பெரிய சிவன் கோவில்களில். ஒரு கை விரலை நீட்டி எச்சரிக்கும், கதையின் தலை தரையில் ஊன்றியிருக்கும், ஒரு காலைத் தூக்கி அதன் மேல் போட்டிருப்பார். சோழர் காலச் சிலைகள் சிலவற்றில் கதை மேல் பாம்பும் சுற்றியிருக்கும். ஓங்கிய கதையைவிட ஊன்றிய கதை பயமாக இருக்கும் என்று அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. அடிக்க வேண்டிய அவசியமே வராது என்கிற நிதானம் அது.

இதே ஐந்து ஆயுதங்களைச் சின்னதாகச் செய்து ஐம்படைத்தாலி என்று குழந்தை கழுத்தில் போடுகிற வழக்கம் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. நான் அறிந்த வரை கதாயுதத்தின் மிகச் சின்ன வடிவம் அதுதான், மல்லிகை மொட்டு அளவுகூட இருக்காது.

ஊருக்கு வெளியே வந்தால் கருப்பசாமி. அவர் கையில் அரிவாள் இருப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் சுக்குமாந்தடி என்று ஒன்றும் சொல்வார்கள். சாமியாடி கையில் எடுக்கிற கனத்த தடி. தலைப் பக்கம் பருத்து, சில கோவில்களில் பூண் போட்டு, சந்தனமும் குங்குமமும் பூசி வைத்திருப்பார்கள். கல் கோவில் கதைக்கு இருக்கிற அலங்கார வேலைப்பாடு எதுவும் இதில் கிடையாது, ஆனால் குடும்பம் அதே குடும்பம். சண்டைக் கதை முதல் முதலில் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டால் நான் சுக்குமாந்தடியைத்தான் காட்டுவேன்.

இனி, அதிகாரச் சின்னம்.

ஆயுதம் சின்னமாகும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது, அது மெல்ல மெல்ல பிரயோஜனம் இல்லாததாக மாற வேண்டும். இங்கிலாந்தில் அரசரின் காவலர்கள் இதழ்க் கதையை ஏந்திப் போவார்கள், அதன் பிடியின் அடிப்பக்கம் அரச முத்திரை பொறித்திருக்கும். 'நான் அரசர் ஆள்' என்று காட்ட அவர்கள் கதையைத் தலைகீழாகப் பிடித்து முத்திரையைக் காட்டுவார்கள். நாளாக ஆக, முத்திரை இருந்த பக்கம் பெரிதாகிக் கிரீடமாக மலர்ந்தது, அடிக்கிற பக்கம் சுருங்கி வெறும் வேலைப்பாடாக நின்றது. இன்று லண்டன் பாராளுமன்றத்தில் சபாநாயகருக்கு முன்னால் தூக்கிப் போகிறார்களே, அந்தக் கதை உண்மையில் தலைகீழாக நிற்கிறது. ஆனாலும் அது மேஜையில் இல்லை என்றால் சபை நடக்காது. அதனால்தான் கோபம் வந்த உறுப்பினர்கள் அதன் மேல் கை வைப்பார்கள். 1976-ல் மைக்கேல் ஹெசல்டைன் அதைத் தூக்கி எதிர் வரிசையைப் பார்த்து ஆட்டினார். நம் நாட்டிலும் குறைவில்லை, 2016 டிசம்பரில் திரிபுரா சட்டப்பேரவையில் ஓர் உறுப்பினர் சபாநாயகரின் கதையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியே போய்விட்டார், பின்னாலேயே காவலர்கள். ஆயுதமாகவும் இல்லாமல் வெறும் பொம்மையாகவும் இல்லாமல் நடுவில் ஒரு இடத்தில் இருக்கிற சாமானுக்குத்தான் இந்த மாதிரி வாழ்வு.

கனம் தூரத்தில் இருப்பது இங்கேயும் வேலை செய்கிறது. தலை கனத்த நீளமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு யாரும் குடுகுடு என்று நடக்க முடியாது. தோளில் சாய்க்க வேண்டும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், முதுகு நிமிர வேண்டும், நடை தானாக மெதுவாகிவிடும். ஊர்வலத்துக்கு வேண்டிய கம்பீரத்தைச் சாமானே கொண்டுவந்துவிடுகிறது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னால் கோலேந்திப் போகிற ஊழியருக்கு சோப்தார் என்று பெயர், நவாபுகள் காலத்து வழக்கத்தின் மிச்சம். நீதிபதி கே. சந்துரு பதவியில் இருந்தபோது 'மை லார்டு' வேண்டாம் என்றார், அதோடு இந்தக் கோலேந்தியும் முன்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் அவர் பக்கம்தான் சாய்வு, ஆனாலும் அந்தக் கோல் இல்லாத நீதிமன்றம் கொஞ்சம் வெறுமையாக இருக்கும் என்று சொல்கிற வழக்கறிஞர்களையும் புரிந்துகொள்ள முடிகிறது.

செங்கோலும் இதுவும் ஒன்றா என்று ஒரு சந்தேகம் வரும். தோற்றத்தில் சொந்தக்காரர்கள், குணத்தில் வேறு. கதை பலத்தைக் காட்டுகிறது. செங்கோலில் தலைக்கனம் கிடையாது, அதன் பெருமை நேராக இருப்பதில். கண்ணகி வழக்கில் பாண்டியனின் கோல் வளைந்தது என்று பாடுகிற ஊர் இது. கதையைப் பற்றி யாரும் அப்படிப் பாட மாட்டார்கள். சித்திரைத் திருவிழாவின் 8-ஆம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், வேப்பம்பூ மாலை, கிரீடம், கையில் செங்கோல். கோவில் நிர்வாகத்தின் தலைவர் அந்தச் செங்கோலை வாங்கிக்கொண்டு பிராகாரம் சுற்றி வந்து மறுபடி அம்மன் கையில் வைப்பார். அன்றிலிருந்து நான்கு மாதம் மதுரையில் அவள் ஆட்சி. டெல்லியில் 2023 மே 28 அன்று மக்களவையில் வைத்த, உச்சியில் நந்தி உட்கார்ந்திருக்கும் செங்கோலும் இந்த வகைதான். 1947-ல் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் கொடுத்தது. அதை வைத்து நடந்த அரசியலுக்குள் இப்போது போக வேண்டாம்.

கிரிக்கெட்டுக்கு வந்த கதை இந்தப் பாராளுமன்றக் குடும்பமா, பீமன் குடும்பமா என்றால், இரண்டிலும் ஒரு கால். ஆனால் நம் நாட்டில் வெற்றி பெற்றவனுக்குக் கதை கொடுப்பது மல்யுத்தத்தில் ரொம்ப இயல்பான விஷயம். மகாராஷ்டிர கேசரி பட்டம் வாங்குகிற மல்லருக்கு இன்றும் வெள்ளிக் கதைதான் பரிசு. காரணம், அவர் பயிற்சி பண்ணுவதே கதையை வைத்துத்தான்.

அங்கேதான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது, உடற்பயிற்சி.

முன்னால் சொன்னேன், சண்டைக் கதை ஒன்றரை கிலோ என்று. வடநாட்டு அக்காடாக்களில், அதாவது மல்யுத்தப் பயிற்சிக் களங்களில், மூங்கில் கம்பு முனையில் உருண்டைக் கல்லைச் சொருகி மல்லர்கள் சுற்றுகிற கதை பத்து, இருபது கிலோவுக்குச் சாதாரணமாகப் போகும், அதற்கு மேலும் உண்டு. சண்டைக்குப் போனது லேசு, பயிற்சிக்கு வந்தது கனம். சண்டையில் எது ஆபத்தோ, அதாவது கதை நம்மை இழுத்துக்கொண்டு போவது, அதைத்தான் பயிற்சியில் வேண்டும் என்றே கூப்பிடுகிறோம். இழுக்கிற கதையைத் தோளாலும் முதுகாலும் இடுப்பாலும் பிடித்து நிறுத்தி, மறுபடி மேலே கொண்டுவருவதுதான் முழுப் பயிற்சியும்.

நம் பக்கத்துச் சாமான் கர்லாக்கட்டை. ஒரே மரக்கட்டையைக் கடைசல் பிடித்துச் செய்வது. மேலே கைக்கு அடக்கமான பிடி, பிடியின் நுனியில் கை நழுவாமல் இருக்க ஒரு குமிழ், கீழே போகப் போகப் பருத்துக்கொண்டே வரும். கதையில் கனம் முழுக்க நுனியில் குவிந்திருக்கும், கர்லாவில் அது உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். அதனால் அதே எடையுள்ள கதையைவிடக் கர்லா கைக்கு இணக்கமானது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கர்லாவைத்தான் சொல்வேன். சின்னது கை கர்லா, இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. பெரியது குஸ்தி கர்லா, அது வேறு சமாச்சாரம். மதுரைத் தெருக்களில் இருந்த பழைய தேகப் பயிற்சி சாலைகளில் அனுமார் படத்துக்குக் கீழே சுவரோரம் வரிசையாக இவை நிற்கும், சிலம்பக் கம்பும் பக்கத்தில் சாத்தியிருக்கும். கிராமத்தில் இதற்கெல்லாம் செலவழிக்காமல் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளில் போட்டு முடித்துவிட்டார்கள்.

இந்தக் கட்டை இங்கிருந்து சீமைக்கும் போயிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போய், அங்கே பள்ளிக்கூட டிரில் வரைக்கும் ஆக்கிவிட்டார்கள். 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டி. 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம் வாங்கிய ஜார்ஜ் ரோத் அப்போது வேலையில்லாமல் இருந்தவர், பதக்கத்தை வாங்கிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே வந்து, போகிற வண்டியை மறித்து லிஃப்ட் கேட்டு வீட்டுக்குப் போனார் என்று சொல்வார்கள். இன்று தாள லயத்தோடு ஆடுகிற ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்கள் வீசிப் பிடிக்கிற அந்தக் குட்டிக் கட்டைகள் இதன் பேத்திகள், ஒன்று 150 கிராம்தான்.

வாங்குவது எப்படி? ஆன்லைனில் கிடைக்கிறது, ஆனால் படத்தில் பார்த்து மரத்தின் தரம் சொல்ல முடியாது. பக்கத்தில் கடைசல் பட்டறை இருந்தால் சொல்லிச் செய்வது நல்லது. கனத்த, வைரம் பாய்ந்த மரம் வேண்டும், புளி, கருவேலம் மாதிரி. காயாத மரத்தில் செய்தால் இரண்டு கோடையில் வெடித்துவிடும். பிடி அளவை மட்டும் உங்கள் கையைக் காட்டி எடுக்கச் சொல்லுங்கள்: சுற்றிப் பிடித்தால் கட்டை விரல் நடு விரலைத் தொட வேண்டும், அதைவிடப் பருமனானால் முன்கை சீக்கிரம் சோர்ந்துவிடும். வார்னிஷ் வேண்டவே வேண்டாம், வியர்வை பட்டால் வழுக்கும். எண்ணெய் தடவித் துடைத்து வைத்தால் போதும். எடை, முதன்முதலில் என்றால் ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு கிலோ. 'நான் ஜிம்மில் இருபது கிலோ டம்பெல் தூக்குகிறேன்' என்பவர்களும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும், சொல்லப்போனால் அவர்கள்தான் முக்கியமாக. டம்பெல்லில் எடை கைக்குள்ளேயே இருக்கிறது, இதில் இல்லை.

கதைதான் வேண்டும் என்கிறவர்கள் வீட்டிலேயே சிமெண்டில் செய்வதுண்டு. பழைய ரப்பர் பந்தை அச்சாக வைத்து, கம்பைச் சொருகி, ஜல்லி கலந்து ஊற்றுவார்கள். இதில் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கான்கிரீட் லிட்டருக்குச் சுமார் 2.4 கிலோ. 15 செ.மீ. விட்டமுள்ள உருண்டை ஏறக்குறைய 4 கிலோ வரும். கொஞ்சம் பெரிதாகப் பண்ணலாமே என்று 20 செ.மீ. பந்தை எடுத்தால் 10 கிலோ. விட்டம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, எடை இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. நிறையப் பேர் வீட்டுத் திண்ணையோரம் தூக்க முடியாத சிமெண்ட் கதை ஒன்று அனாதையாகக் கிடப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். கம்புக்கு ஆணி அடித்து, கம்பி சுற்றி, அதற்கு மேல் சிமெண்ட் போட வேண்டும்; வெறும் கம்பை நட்டால் ஒரு நாள் தலை தனியாகப் பறக்கும். ஒரு வாரமாவது தண்ணீர் காட்டி இறுக விடுங்கள்.

சுற்றும் முறைக்கு வருவோம். எத்தனையோ சுற்று இருக்கிறது, ஆசானுக்கு ஆசான் பெயரும் மாறும், ஆனால் அடிப்படைச் சுற்று ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றது தானாக வரும். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி நில்லுங்கள். கர்லாவை, பருத்த பக்கம் மேலே இருக்கும்படி, நெஞ்சுக்கு முன்னால் நேர் செங்குத்தாகப் பிடியுங்கள், இந்த நிலையில் அதற்கு எடையே இல்லாத மாதிரி இருக்கும். இப்போது வலது கைக் கட்டையை வலது தோளுக்கு மேலாகவோ, தலைக்குப் பின்னால் சுற்றி இடது தோள் வழியாகவோ முதுகுக்குப் பின்னே விடுங்கள். விடுங்கள் என்றுதான் சொன்னேன், தள்ளாதீர்கள். முழங்கை வானத்தைப் பார்க்க, காதோரம் இருக்க வேண்டும். கட்டை முதுகுத்தண்டுக்கு நேரே தொங்கி, ஒரு ஊசல் ஆட்டம் ஆடும். அந்த ஆட்டம் மேலேறுகிற நேரத்தைப் பிடித்து, இடுப்பையும் விலாவையும் லேசாகத் திருப்பி, அதே வேகத்திலேயே முன்னால் கொண்டுவந்து மறுபடி நெஞ்சுக்கு நேரே செங்குத்தாக நிறுத்த வேண்டும். நிறுத்துவதுதான் கஷ்டம், நிறுத்துவதுதான் பயிற்சி. கட்டை இறங்கும்போது மூச்சு உள்ளே, இழுத்து நிறுத்தும்போது வெளியே.

புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு, கையால் தூக்குவது. புஜத்தால் தூக்கிக் கொண்டுவந்தால் பத்தாவது சுற்றிலேயே தோள் எரியும், முழங்கை தாழ்ந்து பக்கவாட்டில் விரியும், கட்டை முதுகில் ஒரு போடு போடும். ஊசலின் வேகத்தை வாங்கிக்கொள்ளத் தெரிந்துவிட்டால் அதே கட்டை பாதி எடை ஆகிவிடும். பக்கத்தில் இருக்கிறவர் ஐம்பது வயதில் சளைக்காமல் சுற்றுவதும், இருபது வயதுப் பையன் மூச்சு வாங்குவதும் இதனால்தான். இரண்டாவது தப்பு, பிடியை உடும்புப் பிடியாகப் பிடிப்பது. மேலே நிறுத்தும்போது இறுக்கம், பின்னால் தொங்கும்போது தளர்வு, இப்படி மாறி மாறி வர வேண்டும். மூன்றாவது, வலது கையே ராஜாங்கம் பண்ணுவது. இடது கையில் எத்தனை முடியுமோ அத்தனைதான் வலது கைக்கும்.

பலன் என்று பார்த்தால், முன்கையும் பிடியும் முதலில் கெட்டிப்படும், அப்புறம் தோள் மூட்டைச் சுற்றியுள்ள சின்னச் சின்னத் தசைகள். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் தோளை முன்னே வளைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பின்பக்க ஊசல் நன்றாக இருக்கும், நெஞ்சு விரிந்து தோள் திறக்கும். ஆனால் இதை ஒரு வைத்தியமாக விற்கிற வீடியோக்களை நம்ப வேண்டாம். தோளில் ஏற்கெனவே வலி இருந்தால், கை தலைக்கு மேல் போகும்போது குத்தினால், கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால், முதலில் டாக்டர், அப்புறம் கட்டை. உடம்பு பெருப்பதற்கு என்றால் இது அவ்வளவு தோதான வழியும் இல்லை, அதற்கு ஜிம்மே மேல்.

இடம் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் ஃபேன், மாடியில் கொடிக்கயிறும் டேங்க் பைப்பும். கையை நீட்டிக் கட்டையையும் நீட்டி ஒரு முழு வட்டம் அடித்துப் பார்த்து, அதற்கு மேல் இரண்டடி விட்டால் சரி. மதுரை வெயிலில் ஏழு மணிக்கு மேல் மாடியில் நின்றால் பிடி வியர்த்து வழுக்கும், ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள், பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் பின்னால் வந்து நிற்பது இதில் பெரிய ஆபத்து, கட்டை போகிற இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. தொடங்குவதற்கு முன்னால் தினமும் பிடிக்கும் உடம்புக்கும் நடுவில் விரலால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், சிமெண்ட் கதை என்றால் தலையைப் பிடித்துத் திருகிப் பாருங்கள், கொஞ்சம் ஆடினாலும் அன்றைக்குச் சுற்ற வேண்டாம்.